செம்மை என்னும் சொல்லின் பிறப்பும் திரிபும்

பவணந்தி முனிவர் தம் நன்னூற் பதவியலில் பண்புணர்த்தும் சொற்களை நிரலாக அடுக்கிச் செல்லுமிடத்து, முதற்கண் நிறுத்தியிருப்பது செம்மை என்னும் சொல். சிறுமை, சேய்மை, தீமை, வெம்மை முதலியன அதன் பின்னரே அணிவகுக்கின்றன. செய்யுளோசை பற்றி நேர்ந்த முறைவைப்பாக அஃது இருப்பினும் இருக்கலாம். ஆயினும், தமிழ்ப் பண்புச்சொற்களின் இயல்பு முழுவதையும் ஒரே சொல்லில் வைத்துக் காண விழைவார்க்கு இதனினும் தக்கது பிறிதில்லை என்பது எம் துணிபு. இலக்கணம் என்ற அளவிலேயே ஏட்டைப் புரட்டி விளையாட்டுச் செய்திப் பக்கத்தைத் தேடும் நண்பர் நம் கல்லூரியில் பலர் உளர் என்பதை யாம் நன்கறிவோம். அவர்கள் சற்றுப் பொறுப்பாராக. இச்சொல் ஏட்டில் மட்டும் உறைவதன்று. நம் சேலம் நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு விளையும் செம்மண்ணிலும், சூளையிற் சுட்ட செங்கல்லிலும், மேச்சேரிச் செம்மறியிலும், சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும், திருச்செங்கோட்டு மலையிலும் நாள்தோறும் நம் நாவில் வந்து போவது. இத்துணையிடத்தும் வழங்கும் ‘செம்’ யாது, எங்கிருந்து வந்தது, எவ்வாறெல்லாம் உருமாறுகின்றது என்பவற்றையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

ஆங்கிலம் பயின்று தமிழிலக்கணத்திற்கு வருவோர் முதலிற் கேட்கும் வினா ஒன்றுண்டு: ‘தமிழிற் பெயரடை என்று தனியே ஒரு சொல்வகை உண்டா?’ என்பது அது. இதற்கு விடை கூறியவருள் தலைசிறந்தவர் கால்டுவெல் ஐயர். 1838-இல் சென்னை போந்து, நெல்லைச் சீமையில் இடையன்குடியைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அப்பெரியார், திராவிட மொழிகளிற் பெயரடை எனத் தனித்த சொல்வகை இல்லை என்றும், பண்புப்பெயரோ பெயரெச்சம் போல்வதொன்றோ மற்றொரு பெயரின் முன்னர் நின்ற அளவிலேயே அடையாகி விடுகின்றது என்றும் கொண்டார். அடைக்கெனத் திணை, பால், எண், வேற்றுமை காட்டும் உருபு யாதும் வேண்டா. செந்தாமரை என்னும்போதும், செந்தாமரைகளை என்னும்போதும், செந்தாமரையின் என்னும்போதும் ‘செம்’ அசையாது நிற்கும், அசைவதெல்லாம் தாமரையே.

இதன் அருமை பிறமொழியோடு ஒப்பிட்டால் அன்றி விளங்காது. கால்டுவெல் ஐயர் 1814-இல் அயர்லாந்து நாட்டு ஆண்டிரிம் பகுதியிற் பிறந்தவர், பெற்றோர் ஸ்காத்லாந்தினர். அவர் பிறந்த நாட்டின் பழைய மொழியாகிய ஐரிஷ் மொழியிற் சிவப்புக்கு வழங்கும் அடை ‘தியரக்’ என்பது. அம்மொழியில் அடை பெயர்க்குப் பின்னே வரும். அஃது ஆண்பாற் பெயராயின் தியரக் எனவே நிற்கும். ‘ஃபீன் தியரக்’ என்றால் செந்நிற மது. பெண்பாற் பெயராயின் முதலெழுத்தே மெலிந்து யரக் எனத் திரியும். ‘ஃபில் யரக்’ என்றால் செங்குருதி. பன்மைக்கு ஈற்றில் ஓர் அகரம் ஏறித் தியரகா ஆகும். ஆறாம் வேற்றுமைக்கோ உள்ளுயிரும் திரியும். ஆக, ஐரிஷ் அடை தான் சார்ந்த பெயரின் பாலையும் எண்ணையும் வேற்றுமையையும் பார்த்துத் தலையிலும் வாலிலும் மாறுகின்றது. அம்மொழியிற் செம்பட்டை மயிர்க்கு ‘ரூவ’ என மற்றுமோர் அடையுண்டு. அஃது வடமொழி ருதிரம் என்பதனோடும் ஆங்கிலச் சிவப்புச் சொல்லோடும் ஒரு வேரிற் பிறந்தது. நம் செம்மைக்கோ அக்குடும்பத்தோடு உறவு யாதும் இல்லை.

தமிழ் அடை மாறுவதில்லையோ எனின், மாறும். ஆனால் அது பார்ப்பது வருமொழியின் பாலை அன்று, ஒலியையே. செம்மை எனும் சொல்லின் ஈற்று ‘மை’ நீங்கினால் எஞ்சுவது செம். கோடு வந்தால் செங்கோடு, சொல் வந்தால் செஞ்சொல், தமிழ் வந்தால் செந்தமிழ், நெல் வந்தால் செந்நெல், பொன் வந்தால் செம்பொன். மகரம் வருமொழி முதலெழுத்திற்கு இனமான மெல்லெழுத்தாய்த் திரிகின்றது. உயிர் வரினும் வகரம் வரினும் மகரமே நில்லாது வகரமாகி, செவ்விளநீர், செவ்வரளி, செவ்வானம், செவ்வாழை என வரும். இனி, முதலெழுத்து நீண்டு வருவனவும் உள. செம்மை அடி சேவடி ஆகின்றது. செவ்வாம்பல் என்றும் கூறலாம், சேதாம்பல் என்றும் கூறலாம். சிவந்த ஆவைச் சேதா என்றனர் முன்னோர். ஈறு போதல், முதல் நீளல், மெய் திரிதல் என இவற்றையெல்லாம் நன்னூல் ஒரே நூற்பாவில் தொகுத்து வைத்திருக்கின்றது. அந்நூற்பாவை மனப்பாடம் செய்யாதார் நம் வகுப்பில் இலர். அது கூறுவது இன்னதெனச் செங்கல்லை எடுத்துக் காட்டி விளக்குவார் எத்துணையர் என்பது வேறு.

ஈண்டு ஒன்று நோக்கத் தக்கது. நன்னூலார் செம்மையை முழுச்சொல்லாகக் கொண்டு அதனினின்று ‘மை’யைக் கழிக்கின்றார். கற்பிக்கும் முறைக்கு அஃது எளிது. பிறப்பு முறையோ இதற்கு மறுதலை. செக்கர், செய்ய, செவ்வை, செம்மை, சேவடி என்பனவற்றை ஒருங்கு வைத்து, ஒவ்வொன்றிலும் பின் வந்து ஒட்டியவற்றை நீக்கிப் பார்க்கின், எல்லாவற்றுக்கும் பொதுவாய் எஞ்சுவது செ என்னும் ஓரெழுத்தே. அதன் நீட்டமே சே. ‘மை’ அதன்மேற் பின்னர் ஏறியது. இலக்கணம் கழிக்கின்றது, மொழி கூட்டியது. ஆகவே, பண்புப்பெயரே முன் நின்று அடையாகின்றது என்னும் கால்டுவெல் ஐயர் கொள்கை பொற்குடம், மரப்பெட்டி போல்வனவற்றுக்கு முற்றும் பொருந்துமாயினும், செம் என்பதற்கு அத்துணைப் பொருந்தாது என்பது எம் கருத்து. பொன் தனித்து நிற்கும், மரம் தனித்து நிற்கும்; செம் தனித்து நில்லாது. அது பெயருமாகாது, வினையுமாகாது. இரண்டுக்கும் முற்பட்ட வேர்.

அவ்வேர் வினைபோலவும் விகற்பிக்கும் என்பதே தமிழின் தனிச்சிறப்பு. செய்யேன், செய்யேம், செய்யை, செய்யீர், செய்யன், செய்யள், செய்யர், செய்யது, செய்யன என்பவற்றைக் காண்க. ‘யான் சிவந்த நிறத்தேன்’ என்பதைச் செய்யேன் என்னும் ஒரு சொல்லே கூறி முடிக்கின்றது. இதனைக் குறிப்பு வினைமுற்று என்பர். இதிற் காலங் காட்டும் இடைநிலை இல்லை. பண்பும் இடமும் மட்டுமே உள. அடையாக நிற்கையிற் பால் காட்டாத சொல், பயனிலையாக நிற்கையிற் பால் மட்டுமன்றித் தன்மை முன்னிலை படர்க்கை என்னும் இடமும் காட்டுகின்றது. ஐரிஷ் மொழியிலோ இது நேர்மாறு: பெயரோடு ஒட்டி நிற்கையில் உருமாறும் அடை, பயனிலையாக வருங்கால் பாலும் எண்ணும் காட்டாது வாளா நிற்கும். இன்று செய்யன், செய்யள் என்பன பேச்சில் இல்லை. செய்ய என்பதும் பாட்டில் மட்டுமே தங்கிற்று. அவற்றின் இடத்தைச் சிவந்த, சிவப்பான என்பன பற்றிக்கொண்டன.

இச்சிவப்பு என்னும் சொல்லே இக்கட்டுரை எழுதுதற்கு எம்மைத் தூண்டியது. நாட்டுப்புறத்து ஊர்களினின்று விடுதிக்கு வந்த மாணவர் ‘செவப்பு’ என்றும் ‘செவந்த மாடு’ என்றும் பேசக் கேட்டு, நகரத்து மாணவர் சிலர் நகையாடுவதுண்டு. கொச்சை என்பது அவர் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன் சான்று கேட்க வேண்டுமன்றோ? செம்மண், செந்நெல், செக்கர், செவ்வானம் என எங்கும் எகரமாக நின்ற உயிர், சிவப்பு என்னும் ஒரு கிளையில் மட்டும் இகரமானது ஏன் என்பதை அவர் வினவினாரிலர்.

இதற்கு விடை பர்ரோ என்னும் ஆங்கில அறிஞர் 1940-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் கிடைக்கின்றது. ஒற்றை மெய் இடைநின்று, அடுத்த எழுத்து அகரமேனும் ஐகாரமேனும் ஏறி வருமாயின், அதற்கு முன்னுள்ள இகர எகரங்களும் உகர ஒகரங்களும் தென்றிராவிட மொழிகளில் ஒன்றோடொன்று மயங்குகின்றன. ஏட்டுத் தமிழில் அவ்விடத்து இகரமும் உகரமும் நிற்கும். கன்னடத்தில் எகரமும் ஒகரமும் நிற்கும். நாம் இலை என எழுதுவதைக் கன்னடர் எலெ என்பர். விலைக்குப் பெலெ, நிலத்துக்கு நெல, புகைக்குப் பொகெ. செவ என்னும் அடியும் இவ்விதிப்படியே ஏட்டுத் தமிழிற் சிவ ஆயிற்று. செவி என்பதில் அடுத்து வருவது இகரமாதலின் எகரம் கெடாது நின்றது காண்க.

இனி நம் ஊர்ப் பேச்சைக் கேட்போம். எலை, வெலை, நெலம், பொகை, ஒலக்கை: எல்லாம் கன்னடம் போலவே எகரமும் ஒகரமும் பெற்றன. இவற்றுள் எது பழையது நின்றது, எது பின்னர்ப் புதிதாய்த் திரிந்தது என ஒவ்வொரு சொல்லாக நிறுத்துத்தான் கூற வேண்டும். எலை என்னும் பேச்சுவடிவு ஏட்டு இலையினின்று பிற்காலத்தே திரிந்ததாகவும் இருக்கலாம். ஆனால் செவப்பு என்பதில் வேரின் உயிர் எகரம் என்பதற்குச் செம்மை முதலாகப் பத்துச் சொற்கள் சான்று பகர்கின்றன. எவ்வழி வந்ததாயினும், உழவன் நாவிலுள்ள செவப்பு வேரோடு ஒத்து நிற்கின்றது. வேரினின்று விலகியது ஏட்டுச் சிவப்பே. அதனால் ஏட்டுச் சொல்லைப் பிழையென்று தள்ளுதல் ஆகாது; அதுவும் விதிவழித் திரிந்ததே. இரண்டனுள் ஒன்றைக் கொச்சையென்பதற்கு மட்டும் இடமில்லை.

நம் பக்கத்துக் காளைகளின் நிறப்பெயர்களையும் ஈண்டு எண்ணலாம். சந்தையிற் காங்கேயக் காளை விலை பேசுவோர் மயிலை, காரி, செவலை என்பர். காரி கருமையினின்று முதல் நீண்டு வந்தது. சேவடியிற் கண்ட அதே நீட்டம். செவலை என்பது செவ என்னும் அடியின்மேற் பிறந்தது. ஏட்டிற் சிவல் எனவும் சிவலை எனவும் வருவதன் உடன்பிறப்பு. இலக்கணம் கல்லாத தரகர் வாயிற் பண்புச்சொல்லின் திரிபு இரண்டும் ஒரு மூச்சில் வந்து விடுகின்றன.

எகரத்தின் முதுமை இவ்வாறாக, சகரத்தின் முதுமை எத்துணை? இங்கே கன்னடம் நமக்கு மற்றொரு கதவைத் திறக்கின்றது. சேலத்தார்க்குக் கன்னடம் சேய்மைத்தன்று. தேவாங்கர் இல்லங்களில் அது வீட்டுமொழி. 1965-இல் தருமபுரி தனி மாவட்டம் ஆகும்வரை ஓசூர்ப் பக்கமும் சேலத்தைச் சேர்ந்ததே. செம்மண்ணைக் கன்னடர் கெம்மண்ணு என்பர். செந்தாமரை அவர்க்குக் கெந்தாவரெ, செந்நீர் கென்னீர், சிவப்பு கெம்பு. 1952 முதல் 1956 வரை மைசூர் முதலமைச்சராக இருந்து பெங்களூரில் விதான சௌதத்தைக் கட்டுவித்த கெங்கல் அனுமந்தய்யா அவர்களின் பெயர்முன் நிற்கும் கெங்கல் என்னும் ஊர்ப்பெயரும் நம் செங்கல்லோடு எழுத்துக்கு எழுத்து ஒக்கும். இது சிவப்பில் மட்டும் நிகழ்ந்ததன்று. நம் செவி அவர்க்குக் கிவி. நம் சேரி அவர்க்குக் கேரி. நம் செய் என்னும் வினை பழங்கன்னடத்திற் கெய்.

இவற்றுட் பழையது ககரமே. இகர எகரங்களும் அவற்றின் நெடிலும் பின்வர, சொன்முதற் ககரம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் சகரமாகியது. கன்னடம் மாறாது நின்றது. பர்ரோ 1943-இல் இதனை விரித்துரைத்தார். அங்ஙனமாயின் கிளி, கிழவன், கிணறு, கெடு, கேள், கீழ் என்பன தமிழிற் சகரமாகாதது ஏன் எனக் கேட்பீராயின், அவற்றில் அடுத்து வரும் மெய்களை நோக்குக: ள, ழ, ண, ட. இவை நாவை மேல்நோக்கி வளைத்து ஒலிப்பன. அவ்வளைவு வரும் சொற்களில் முதற் ககரம் முன்னோக்கி நகராது நின்றுவிட்டது. கீரை போல இவ்விதிக்கு அடங்காதன சில உள. அவை மிகச் சிலவே. செம் என்பதிலோ வளைநா மெய் இல்லை. ஆகவே கெம் செம் ஆயிற்று. நகைக்கடையிற் கெம்புக்கல் என நாம் கேட்டு வாங்கும் செந்நிறக்கல் கன்னடத்தினின்று பின்னாளில் வந்த விருந்தாளி. நம் வீட்டினின்று நெடுநாள் முன்னரே புறப்பட்டுப்போன ககரம் அண்டை வீட்டு வழியாகத் திரும்பி வந்திருக்கின்றது.

கெங், கெந், கெம் எனக் கன்னடத்திலும் மெல்லெழுத்து வருமொழிக்கு இனமாய்த் திரிதலை நண்பர்கள் கவனித்திருப்பர். நன்னூல் கூறும் அத்திரிபு நன்னூலார் காலமாகிய 13-ஆம் நூற்றாண்டுக்கு மட்டுமன்று, தமிழும் கன்னடமும் பிரிவதற்கும் முற்பட்டதாதல் வேண்டும். 

இனிச் சொல்லாராய்ச்சியில் வழுக்கும் இடங்கள் சில. ‘செ’ என்றும் ‘சே’ என்றும் தொடங்குவன எல்லாம் சிவப்பு எனக் கொள்ளுதல் இளைஞர்க்கு வரும் நோய். செந்தூரம் செந்நிறத்ததே ஆயினும் செம் என்னும் வேரினதன்று. வடமொழிச் சிந்தூரம் நிறத்தின் மயக்கால் நம் வேடம் பூண்டது. சேய்மை தொலைவைக் குறிக்கும் வேறு சொல். சேலம் என்பதைச் சைலம் என்பாரும் சேரலம் என்பாரும் உளர்; சிவப்பிற்கு அங்கு வேலையில்லை. மிக வேடிக்கையானது ஆங்கிலேயர் எழுத்து. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையை அவர்கள் ஷெவாபேட் என எழுதினர். அருகிலுள்ள சேர்வராயன் மலையை ஷெவராய் என எழுதினர். எழுத்தைப் பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தன போலத் தோன்றும். முன்னது செவ்வாய்தோறும் கூடிய சந்தையாற் பெற்ற பெயர். அச்செவ்வாயோ சிவந்த கோளின் பெயர். பின்னது மலைமேல் வழிபடப்படும் சேர்வராயன் பெயர். ஒன்று நம் வேர், மற்றொன்று அன்று.

எஞ்சியது பொருள். செம்மைக்கு நிறம் ஒரு பொருள், நேர்மை மற்றொரு பொருள். செங்கோல் சிவந்த கோல் அன்று. செந்தமிழ் சிவந்த தமிழும் அன்று. 2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என அறிவித்ததும் நிறம்பற்றியன்று. இவ்விரண்டும் ஒரு வேரின் இரு கிளைகளோ, ஒலியால் ஒத்த இரு வேர்களோ என்பது அறிஞரிடை இன்றும் வழக்கிலுள்ளது. யாம் அதனுட் புகவில்லை. ஆனால் ஓரிடத்தில் எப்பொருள் என்று காண எளிய வழியுண்டு. நன்னூலார் பண்புகளை எண்ணி, அவற்றின் எதிர்களையும் கொள்க என்றார். எதிரைத் தேடினாற் பொருள் தானே வெளிப்படும். செங்கோலின் எதிர் கொடுங்கோல். செந்தமிழின் எதிர் கொடுந்தமிழ். கொடு என்பது வளைவு. ஆகவே அவ்விடத்துச் செம்மை நேர்மை. செம்மறிக்கு எதிராக நம் ஊரார் நிறுத்துவது வெள்ளாடு. அவ்வெள்ளாடு பெரும்பாலும் கருநிறத்ததாக இருந்தாலும் குற்றமில்லை, செம்மறியின் செம்மை நிறம் என்பது உறுதியாயிற்று.

இவ்வளவை கொண்டு திருச்செங்கோட்டையும் நிறுத்துப் பார்ப்போம். மலை செந்நிறமாகத் தோன்றுதலின் இப்பெயர் என்பர் ஊரார். ஏறத்தாழ 1,200 படிகள் ஏறிக் களைத்த நண்பர் ஒருவர், ‘செங்குத்து என்பதிற் போல நிமிர்ந்த மலை என்பதே பொருள்’ என்று எம்மோடு வாதிட்டார். கால்வலி கூறிய பொருள் எனினும் எளிதிற் புறக்கணிக்கத் தக்கதன்று. செங்குத்து என்னும் சொல்லில் அப்பொருளே உள்ளது. ஆயின் எதிர் யாது? சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவை முருகன் உறையும் இடங்களைக் கூறுமிடத்துச் செங்கோட்டை அடுத்து வைப்பது வெண்குன்று. அச்செங்கோடு நம் திருச்செங்கோடே எனக் கொள்வார் பலர். செம்மைக்கு அருகே வெண்மை நிற்கும்போது நிறமே கருத்து. திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிற் பாடிய இவ்வூர்ப் பெயரோ கொடிமாடச் செங்குன்றூர். கோடு போய்க் குன்று வந்தும் செம் மட்டும் மாறவில்லை. மேலும், கோடுதல் என்றால் வளைதல். நேர்மைப் பொருள் கொண்டாற் செங்கோடு என்பது நேரான வளைவு என முரணும். நண்பர் இன்னும் ஒப்பவில்லை. அடுத்த முறை மழை பெய்து பாறை கழுவப்பட்ட நாளிற் சென்று பார்க்கலாம் என்கின்றார்.